ஒன்பது பல், பதினொரு பல், பத்துப் பல்

வேலணையில் இருந்து கொழும்புக்கு எங்கள் பிக்கப்பில் போனால் ஒன்பது மணித்தியாலமும் ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டோம். கோபம் ஒன்றும் இல்லை. கதைத்தால் கேட்காது, அவ்வளவுதான்.

இதை எழுதுவது அக்காவும் தம்பியும். தம்பி வாகனம் ஓடுவது, அக்கா கணக்குப் பார்ப்பது. இடதுபக்க யன்னலோரம் அப்பா. மாதத்தில் இரண்டு தரம் கருவாடு, ஒடியல், பனங்கட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போவோம். வரும்போது இங்கே கடைக்காரர்கள் சொல்லிவிட்ட சாமான்கள் வரும். மற்ற நாட்களில் அதே பிக்கப் தீவுக்குள்ளேயே ஓடும். சாட்டிப் பக்கம் இருந்து நல்ல தண்ணி, யாரோ வீடு கட்டினால் கல்லும் சீமெந்தும், நெடுந்தீவுக்குப் போகிற சாமான் என்றால் குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும். கடற்கரையில் வள்ளம் கரையேற்ற வேண்டுமென்றால் அதற்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பிக்கப் எங்கள் இரண்டு பேரையும் விட மூத்தது. எண்பதுகளில் யப்பானில் செய்தது. டீசல் எஞ்சின், நாலே நாலு கியர். ஏ9 வீதியில் எழுபதில் ஓடினால் கபினுக்குள் நெல்லுக் குற்றும் மில்லுக்குள் இருப்பது மாதிரி இருக்கும். கொழும்பில் இறங்கினாலும் இரண்டு மணித்தியாலத்துக்குக் காதுக்குள் இரைச்சல் நிற்காது. போதாக்குறைக்கு அப்பா மழை பெய்தாலும் தன் பக்கத்து யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் வைப்பார். "ஏத்துங்கோ அப்பா, நனையுது" என்று எத்தனை தரம் கத்தியிருப்போம். கேட்காத மாதிரி இருப்பார். உண்மையிலேயே கேட்டிருக்காமலும் இருக்கலாம்.

புது வாகனம் வாங்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களின் விலை எங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. 2022 யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபா. அதையும் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் காட்டி, அளந்துதான் எடுத்தோம். ஆகவே இருக்கிற வண்டியைத் திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2023 இல் கொஞ்சம் மூச்சு வந்தபோதுதான் இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று இறங்கினோம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ரயர் என்றார் ஒருவர், பெயாரிங் என்றார் இன்னொருவர், சைலன்சர் என்றார் மூன்றாமவர். ஒரு சின்னச் சோதனை போதும். வாகனம் இல்லாத நேரான வீதியில் எழுபதுக்குக் கொண்டுவந்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கொஞ்சத் தூரம் சும்மா ஓட விடவேண்டும். இரைச்சல் அப்படியே இருந்தால் ரயர், சில்லுப் பெயாரிங், அல்லது பின் அச்சுக்குள் ஏதோ தேய்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அநேகமாகச் சில்லுப் பெயாரிங்தான். நியூட்ரல் போட்டதும் சத்தம் விழுந்தால் எஞ்சின்.

நாங்கள் இயக்கச்சி தாண்டி ஒரு விடியற்காலையில் போட்டுப் பார்த்தோம். சட்டென்று அமைதி. காற்றும் ரயரும் மட்டும். எஞ்சின் பழுதில்லை. எழுபதுக்கு அது தேவைக்கு மேல் சுழல வேண்டியிருந்தது, அதுதான் பிரச்சினை.

இது ஏன் என்று விளங்கச் சைக்கிளைப் பாருங்கள். பின் சில்லில் பெரிய பல்லுச் சக்கரம் போட்டால் மிதிக்க லேசு, மூட்டை கட்டினாலும் இழுக்கும், ஆனால் வேகமாகப் போக வேண்டுமென்றால் காலைப் பேய் மாதிரிச் சுழற்ற வேண்டும். சின்னது போட்டால் ஆறுதலாக மிதித்தாலே ஓடும், ஆனால் மணலில் நின்றுவிடும். பிக்கப்பின் பின் அச்சின் நடுவில், அந்தக் குண்டு மாதிரிப் புடைத்த பகுதிக்குள், இதே வேலைதான் நடக்கிறது. எஞ்சினில் இருந்து வரும் நீளத் தண்டின் நுனியில் சின்னப் பினியன். அது கடிக்கிற பெரிய வளையம் கிரவுண் வீல். எங்கள் வண்டியில் கிரவுணுக்கு 41 பல், பினியனுக்கு 9. நாற்பத்தொன்றை ஒன்பதால் பிரித்தால் 4.56. சில்லு ஒருதரம் சுற்ற, தண்டு நாலரைத் தரத்துக்குக் கொஞ்சம் மேல் சுற்றவேண்டும்.

எங்கள் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீற்றர் உருளும். மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்குச் சில்லு 555 தரம் சுற்றும். நாலாம் கியரில் தண்டும் எஞ்சினும் ஒரே வேகம். ஆகவே எஞ்சின் 2530. ஒன்பதுப் பல்லுக்குப் பதிலாகப் பதினொரு பல் பினியன் போட்டால் 2070. ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைகிறது. அக்கா இதைக் கொப்பியில் போட்டுக் காட்டியபோது தம்பி அன்றே பஞ்சிகாவத்தைக்கு வெளிக்கிட்டான்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் வாங்குகிறவர்களுக்குப் பஞ்சிகாவத்தையைத் தெரியும். யப்பானில் கழித்த வாகனங்களின் உறுப்புகள் ஒயில் மணத்தோடு கூரை மட்டும் அடுக்கியிருக்கும். பினியனை மட்டும் தனியே வாங்கி வரக் கூடாது என்று எங்களுக்கு முதலே சொல்லியிருந்தார்கள். கிரவுணும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிச் சோடி சேர்த்தவை. வேறு சோடியைக் கலந்தால் ஊளையிடும், பிறகு பல் போகும். எங்கள் மாதிரி அச்சில் ஒரு வசதி இருக்கிறது. முன்பக்கத்து ஆணிகளைக் கழற்றினால் கிரவுண், பினியன், பெயாரிங் எல்லாம் கூட்டோடு ஒரே கட்டாய் வெளியே வரும். ஆகவே முழுக் கட்டாக, 41க்கு 11, ஒன்று தேடிப் பிடித்தோம். எண்ணை வழித்துத் துடைத்துவிட்டுப் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினோம். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுடையது பின் சில்லு மட்டும் இழுக்கிற வாகனம். நாலு சில்லும் இழுக்கிற பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்னுக்கு மட்டும் மாற்றினால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பழக்கமான கராச் ஒன்று இருக்கிறது. அந்த மாமா எங்கள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணை, இது எங்க ஓடுற வாகனம்?"

"கொழும்புக்கு" என்றோம் நாங்கள்.

"வேலணைக்குள்ள" என்றார் அப்பா, அதே நேரத்தில்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. வேலையைத் தொடங்கினார். முதலில் சோக்கட்டியால் தண்டில் ஒரு கோடு, சில்லில் ஒரு கோடு. ஒரு பக்கச் சில்லை மட்டும் உயர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு, உயர்ந்த சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொன்னார். தண்டு நாலரையும் கொஞ்சமும் சுற்றியது. எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிசன். பிறகு ஒயிலை வடித்து, இரண்டு பக்க அச்சுத் தண்டுகளையும் இழுத்தெடுத்து, கட்டை வெளியே எடுத்தார். புதுக் கட்டில் பல்லுக்குப் பல் இருக்கிற இடைவெளியை முள்ளுக் கடிகாரம் மாதிரி ஒரு மானியால் அளந்தார். ஒரு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்று பேச்சு. பல்லில் மை பூசிச் சுற்றி, கடித்த அடையாளம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். ஓரத்தில் விழுந்தால் சத்தம் போடுமாம். சத்தத்தைக் குறைக்கப் போய்ப் புதுச் சத்தம் வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார்.

முதல் பயணம் வந்தது. ஆனையிறவு தாண்டியதும் நாலாம் கியரில் விட்டோம். எங்கள் பிக்கப்பில் இருப்பதாகவே தெரியவில்லை. பின்னுக்குக் கட்டியிருந்த படங்கு காற்றில் அடிக்கிற சத்தம் கேட்டது. சாக்குக்குள் ஒடியல் உரசுகிற சத்தம் கூடக் கேட்டது போல இருந்தது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளம் வர முதல் அப்பா கதைக்கத் தொடங்கினார்.

1990 இல் தீவை விட்டு ஓடிப் போய் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்த காலம். அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. சொந்தத்தில் ஒரு பெரியப்பா பழைய ஒஸ்டின் ஏ40 கார் ஒன்று வாடகைக்கு ஓடினார். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாத காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் இடிச்சத்தமும் கிளப்பிக்கொண்டு போகும். இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தெரியாதது அதில் அப்பாவின் வேலை. முன் சீற்றில் யன்னலோரம் இருந்து, தலையை வெளியே நீட்டி, காது கொடுத்துக் கேட்பது. பொம்மர் வருகிறதா, ஹெலி வருகிறதா என்று.

"அந்தக் காரின்ர சத்தத்துக்குள்ள மேல என்ன வருது எண்டு கேக்காது பிள்ளை. பெரியப்பா கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா இஞ்சினை நிப்பாட்டுவார். அப்ப நான் கேக்கோணும். கேட்டுட்டு 'ஓம், போகலாம்' எண்டு சொல்லோணும். நான் சொன்னாத்தான் திருப்பி ஸ்ராட் பண்ணுவார். காருக்குள்ள இருக்கிற எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டிருப்பினம்."

யன்னல் கண்ணாடியின் கதை இதுதான். மழையிலும் அதை இறக்கி வைத்திருந்தது சத்தத்துக்குள் இருக்கப் பயந்த ஒரு பதினேழு வயதுப் பெடியன். இந்த வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, போர் முடிந்த பிறகு மறுபடி திறந்து, கார்பெற் போட்டு, நாங்கள் எத்தனையோ தரம் போய் வந்தாயிற்று. அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல விருப்பமில்லை என்று நினைத்திருந்தோம். சொன்னால் எங்களுக்குக் கேட்டிருக்காது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

வவுனியா மட்டும் கதைத்தார். பிறகு நித்திரையாகிவிட்டார். அந்த வாகனத்தில் அப்பா நித்திரை கொண்டதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம்.

இதோடு கட்டுரையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்தோமே.

முதலில் மீற்றர். வேகமானி கியர்ப்பெட்டியின் பின்பக்கத்தில் இருந்து ஓடுவது. பின் அச்சில் நாங்கள் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. மீற்றர் 45 காட்டும்போது வாகனம் உண்மையில் 55 இல் ஓடும். இதைக் கொப்பியில் எழுதிவைத்தவர்கள், வீதியில் மறந்துவிட்டோம். திரும்பி வரும் வழியில் ஐம்பதுக்குள் ஓட வேண்டிய ஒரு ஊருக்குள் பொலிஸ் மறித்து 55 என்றார்கள். மீற்றரைக் காட்டி வாதாட வாய் திறந்த தம்பி அப்படியே மூடிக்கொண்டான். தண்டம் கட்டினோம்.

பிறகு பண்ணைத் தாம்போதி. அது சோளகக் காலம். கடல் நடுவே போகிற அந்த வீதியில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல் தள்ளும். முந்தி நாலாம் கியரிலேயே ஐம்பதில் போன வாகனம் இப்போது விக்கியது. மூன்றுக்கு இறக்கினால் முந்தியதை விடக் கூடச் சத்தம். நெடுஞ்சாலைக்கு வாங்கிய அமைதி எங்கள் வீட்டுக்குப் போகிற வீதியில் செல்லவில்லை.

கடைசியில் தண்ணி. ஆயிரம் லீற்றர்த் தாங்கி என்றால் ஒரு தொன் பாரம். பிரதான வீதியில் பிரச்சினை இல்லை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போகிற பாதை மணலும் முருகைக் கல்லும். முதலாம் கியரில் ஊர்ந்து போக வேண்டும். பதினொரு பல்லோடு அது ஊராது. கிளச்சை அரைவாசி மிதித்துப் பிடித்துத்தான் கொண்டுபோகலாம். மூன்றாம் தடவை கிளச் பிளேற் எரிந்த மணம் ஒழுங்கை முழுக்க அடித்தது. அந்த வீட்டு ஆச்சி படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அவவின் கிணற்றுத் தண்ணி உவர்.

"இனி ரக்ரர்க்காரரைக் கேளுங்கோ ஆச்சி, எங்கட இழுக்காது" என்று தம்பி சொன்னான். ரக்ரர் கூலி கூட என்பது எல்லாருக்கும் தெரியும். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. "சரி மோன, நீ வாகனத்தைப் பழுதாக்காத" என்றா.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார். "கொழும்புக்கு மாசத்தில எத்தினை நாள்?"

போக ஒன்று, வர ஒன்று, இரண்டு தரம். நாலு நாள்.

"மிச்ச நாள்?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. கணக்குப் பிள்ளையான அக்காவும் சொல்லவில்லை. சத்தம், டீசல், சுற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர்கள், வாகனம் எந்த வீதியில் அதிகம் ஓடுகிறது என்பதைப் போடவில்லை. கராச் மாமா முதல் கேள்வியாகக் கேட்டதும் அதைத்தான்.

யோசித்துப் பார்த்தால் இது எங்கள் பிக்கப்பின் கதை மட்டும் இல்லை. எங்களோடு படித்தவர்களில் தீவில் இருப்பவர்களைக் கைவிரலில் எண்ணலாம். எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே தீவகத்தார் தெற்கில் ஊர் ஊராகக் கடை போட்டவர்கள். போவது எங்களுக்குப் பழக்கம், அதைப் பிழை சொல்ல நாங்கள் யார்? ஆனால் நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருப்பது என்று முடிவெடுத்தவர்கள். இருந்துகொண்டே, கையில் இருந்த ஒரே வாகனத்தைப் போகிற வீதிக்கு ஏற்றமாதிரி மாற்றிவிட்டோம், இருக்கிற ஒழுங்கைக்குள் அது போகாமல் போகும் வரைக்கும். ஒருவரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெரிய வீதிதான் முக்கியம் என்று எங்கேயோ பழகியிருக்கிறோம்.

பழைய ஒன்பதையே திரும்பப் போட்டுவிடுவோம் என்று தம்பி சொன்னான். அப்பா வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கதைச்சுக்கொண்டு போகலாம்தானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கராச்சுக்குப் போனோம். மாமா ஆச்சரியப்படவில்லை. மேசைக்குக் கீழே இருந்து சாக்குச் சுற்றிய கட்டொன்றை இழுத்தார். 41க்கு 10.

"முதலே சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னாக் கேட்டிருப்பியளோ?"

கேட்டிருக்க மாட்டோம். எங்கள் பதினொன்றை அவருக்குக் கொடுத்து, மேலே கொஞ்சக் காசும் கொடுத்து, பத்தை வாங்கினோம். கிளச் பிளேற்றும் புதிது. பத்துப் பல்லுக்கு எழுபதில் எஞ்சின் 2280. ஒன்பதின் இரைச்சலும் இல்லை, பதினொன்றின் அமைதியும் இல்லை. கொஞ்சம் குரலை உயர்த்திக் கதைத்தால் கேட்கும். இழுவை பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் லீற்றர்த் தாங்கியில் தொளாயிரம் நிரப்பினால் ஆச்சி வீட்டு மணலில் கிளச்சைக் கொல்லாமல் போகலாம் என்று பழகிக்கொண்டோம். முதல் சில நூறு கிலோமீற்றர் பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் அடித்துப் பிடிக்காமல் ஓடி, பிறகு ஒயிலை மாற்றச் சொன்னார் மாமா. வடித்த ஒயிலில் மெல்லிய இரும்புத் தூள் மினுங்கியது. பல் பழகுகிறது, பயப்பட வேண்டாம் என்றார்.

மீற்றருக்குப் பொருத்தமான சின்னப் பல்லுச் சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் அக்கா ஒரு கடதாசியில் எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறா. "45 = 50. 63 = 70." இனி மறக்க மாட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பிக்கப் நின்று, நீங்களும் சத்தத்தால் அவதிப்பட்டால், நாங்கள் செய்த வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு வாகனம் எங்கெங்கே ஓடியது என்று எழுதுங்கள். பிறகு நியூட்ரல் சோதனை. பஞ்சிகாவத்தைக்குப் போவது கடைசியில். பழைய கட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். எங்கள் ஒன்பது கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, கொட்டிலில் கிடக்கிறது.

போன கிழமை கொழும்புக்குப் போனோம். மதவாச்சிக்குக் கிட்ட நல்ல மழை. அப்பா 1995 இல் நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நின்ற இரவைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்தினார். கையை நீட்டி யன்னலைப் பார்த்தார். கண்ணாடி ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பிறகு மிச்சத்தைச் சொன்னார்.